பேர் சொல்லாமல் வந்த அழைப்புகள்

டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் உட்காருகிறவன் வாழ்நாளில் அதிகம் கேட்கிற கேள்வி "யார் பேசுறது?" என்பது, அதற்கு நேரான பதில் கிடைத்தால் அன்று நல்ல நாள். மணி அடித்ததும் எடுக்கலாமா வேண்டாமா என்று கை தயங்குகிறவரா நீங்கள்? நானும் உங்கள் கட்சிதான். உங்களுக்கு உங்கள் வீட்டு மணி ஒன்றுதான் பயம். எனக்கு ஊர் முழுக்க அடிக்கிற மணியும் பயம்.

உத்திரமேரூரைத் தாண்டி ஒரு சின்ன ஊர். தபாலாபீசின் பின்னறையில்தான் எக்ஸ்சேஞ்ச். மொத்தம் இருபத்திரண்டு இணைப்பு. பலகையில் இணைப்புக்கு ஒன்றாக நகத்தளவு பித்தளைக் கதவு இருக்கும். யாராவது வீட்டில் கைப்பிடியைச் சுற்றினால் அவர்கள் கதவு தட்டென்று விழும். ஏழு விழுந்தால் டாக்டர், பதினொன்று விழுந்தால் ரைஸ் மில். ஆனால் காஞ்சிபுரத்திலிருந்து வரும் ட்ரங்க் லைனுக்கு ஒரே கதவுதான். அது விழுந்தால் அந்தப் பக்கம் யார் வேண்டுமானாலும் இருக்கலாம்.

போன் வந்துகீது

போன் இல்லாதவர்களுக்கு பி.பி. கால் என்று ஒன்று உண்டு. வெளியூரிலிருந்து ஆளின் பேரைச் சொல்லிக் கேட்பார்கள். எங்கள் தபால் சேவகர் கோவிந்தன் சைக்கிளில் போய் அந்த ஆளைக் கையோடு அழைத்து வருவார். "போன் வந்துகீது" என்று அவர் சொன்ன மாத்திரத்தில் தெருவே எழுந்து நிற்கும். அந்தக் காலத்தில் சாவுக்குத்தான் போன் வரும்.

ஒருமுறை காமாட்சி என்ற பெண்மணிக்கு அழைப்பு. மாரில் அடித்துக்கொண்டு பத்துப் பேரோடு வந்து சேர்ந்தாள். ரிசீவரைக் காதில் வைக்கவே கை வரவில்லை, நான்தான் பிடித்துக்கொண்டேன். பேசியவன் அவள் தம்பி. வெள்ளிக்கிழமை பெண் பார்க்க வருகிறார்கள் என்று சொல்லத்தான் கூப்பிட்டிருந்தான். அழுத கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஏதோ நான்தான் கூப்பிட்டவன் போல என்னை முறைத்தாள். "நல்ல சேதிக்கு இன்னாத்துக்குய்யா போனு? ஒரு காயிதம் போட்டா ஆவாதா?"

ரிப்போர்ட்

பி.பி. காலில் ஆள் கிடைக்காவிட்டால் சும்மா விட முடியாது. ஏன் கிடைக்கவில்லை, எப்போது கிடைப்பார் என்று ரிப்போர்ட் சொல்ல வேண்டும். நான் அதில் கொஞ்சம் பெருமைக்காரன். என் ரிப்போர்ட் சுத்தமாக இருக்கும்.

ரைஸ் மில்லில் சவரிமுத்து என்று ஒரு கூலியாள் புதிதாகச் சேர்ந்திருந்தான். செய்யாற்றுக்கு அக்கரையில் ஏதோ ஒரு ஊர். கூலி கூட்டிக் கேட்டவனைப் பண்ணையாரின் ஆட்கள் களத்துமேட்டில் அடித்துப் போட்டதைக் கண்ணால் பார்த்தவன் இவன். கோர்ட்டில் சாட்சி சொல்ல ஒப்புக்கொண்டுவிட்டு, வாய்தா வரும்வரை தலைமறைவாக இருக்க வந்திருந்தான். இது எனக்கும் தெரியும். தெரிந்துதான் செய்தேன் என்பதை எத்தனையோ முறை எனக்கு நானே சொல்லிப் பார்த்துவிட்டேன்; இன்னும் பழகவில்லை.

ஒரு நாள் காலை சவரிமுத்து பேருக்கு பி.பி. வந்தது. கோவிந்தன் மில்லுக்குப் போய்த் திரும்பி வந்து, "பொண்டாட்டிக்கு மாசம் நெறஞ்சிட்ச்சாம் சார். ஐயங்கார்குளத்துல மாமியார் வூட்டுல வுடப் போயிகீறான். நாளிக்கு சாயங்கால பஸ்ஸுல வந்துடுவான்" என்றார். நான் காஞ்சிபுரத்துக்குச் சொன்னேன்: "பார்ட்டி ஊரில் இல்லை. நாளை மாலை பஸ்ஸில் திரும்புகிறார்." காஞ்சிபுரம் ஆபரேட்டர் ஒரு பெண். எட்டு வருடம் குரலில் மட்டும் பழக்கம். கொஞ்ச நேரம் கழித்து அவளே என்னைக் கூப்பிட்டாள். "சார், கூப்பிட்ட பார்ட்டி ரிப்போர்ட்டைக் கேட்டுட்டுச் சிரிச்சாரு. பேர் கேட்டேன், வச்சிட்டாரு."

நன்றி சொல்ல வந்தவர்

மறுநாள் மத்தியானம் முதலே ஜன்னலுக்கு எதிரே பஸ் நிற்கும் இடத்தில் அறிமுகமில்லாத நான்கு பேர் வெற்றிலை போட்டுக்கொண்டு நின்றார்கள். பலகையை விட்டு நான் எழ முடியாது. கோவிந்தனைச் சைக்கிளில் ஊருக்கு முந்தைய ஏரிக்கரை நிறுத்தத்துக்கு அனுப்பினேன். அவர் சவரிமுத்துவை அங்கேயே இறக்கி, வரப்பு வழியாக மில்லின் பின்கட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார். பஸ் வந்தது, போனது. நால்வரில் ஒருவர், சலவைச் சட்டை போட்டவர், ஜன்னலருகே வந்து உள்ளே எட்டிப் பார்த்தார். என் முகத்தை மனப்பாடம் செய்கிறவர் போல நிதானமாகப் பார்த்தார். "நேத்து ரொம்பக் கரெக்டா ரிப்போர்ட் குடுத்தீங்க சார். பஸ்ஸுதான் பொய் சொல்லிட்ச்சி."

என் புத்திமதி

மறுநாள் விடிந்ததும் மில்லுக்குப் போய் சவரிமுத்துவைப் பார்த்தேன். நடந்ததைச் சொன்னேன். அவன் என்னைத் திட்டியிருக்கலாம்; திட்டவில்லை. புத்தி சொல்ல ஆரம்பித்தவன் நான்தான். "இனிமே யார் கேட்டாலும் நீ இந்த ஊர்ல இல்ல. உன் ஆளுங்ககிட்டயும் சொல்லி வை. போன்ல கூப்பிடறவங்க யாரும் தன் பேர் சொல்லக் கூடாது. லைன்ல எவன் கேட்டுக்கினு இருக்கான்னு தெரியாது" என்றேன். படித்தவன் சொல்கிறான் என்று அவன் தலையை ஆட்டினான். அன்றே மாமியார் வீட்டுக்கு ஆள் மூலம் சொல்லியும் அனுப்பிவிட்டான். மில் வாசல்வரை என்னோடு வந்தான். "நீ சொன்னா சரி சார். எங்களுக்கு இன்னா தெரியும்?"

மூன்று தடவை

பதினைந்து நாள் ஒன்றுமில்லை. பிறகு ஒரு காலையில் சவரிமுத்து பேருக்கு மறுபடி பி.பி. வந்தது. எங்கிருந்து என்று கேட்டேன். பொது டெலிபோன், ஆண் குரல் என்றாள் காஞ்சிபுரத்துக்காரி. பேர்? சொல்ல மாட்டேன் என்கிறாராம். சலவைச் சட்டை கண்ணில் வந்து நின்றது. உத்தியோகத்தில் முதல்முறையாகப் பொய் ரிப்போர்ட் கொடுத்தேன்: "அப்படி ஒரு ஆள் இந்த ஊரிலேயே இல்லை."

மத்தியானம் மறுபடி வந்தது. சாயங்காலம் ஒருமுறை. மூன்று தடவையும் அதே பதில். பயந்துகொண்டே சொன்னாலும், பழைய பாவத்தைக் கழுவிவிட்டதாக உள்ளூர ஒரு நிம்மதி. சவரிமுத்துவிடம்கூடச் சொல்லவில்லை; வீணாக மிரளுவான் என்று நினைத்தேன். கடைசித் தடவை காஞ்சிபுரத்துக்காரி லைனை விடவில்லை. "சார், இந்த ஆள் சிரிக்கல. அழற மாதிரி இருக்கு."

நான் பிளக்கை உருவிவிட்டேன்.

ஒரு நாள்

கூப்பிட்டவன் சவரிமுத்துவின் மச்சான். பிரசவம் சிக்கலாகி, சவரிமுத்துவின் மனைவியான தன் அக்காவை மாட்டு வண்டியில் காஞ்சிபுரம் ஆசுபத்திரிக்குக் கொண்டு வந்திருக்கிறார்கள். ஆண் குழந்தை. பிறந்தபோதே மூச்சுத் திணறல். ஒரே ஒரு நாள் இருந்தது. மறுநாள் மச்சான் பஸ் ஏறி மில்லுக்கு வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அக்கா மட்டும் பிழைத்துக்கொண்டாள்.

சவரிமுத்து பிறகு கோர்ட்டில் சாட்சி சொன்னான். குரல் நடுங்காமல் சொன்னானாம். ஊரைவிட்டுப் போகும் நாளில், அந்தச் சலவைச் சட்டைக்காரர் நின்ற அதே ஜன்னலருகே வந்து நின்றான். என்னை அறைவான் என்று நினைத்தேன். அறைந்திருந்தால் கணக்குத் தீர்ந்திருக்கும். கும்பிட்டான். "நீ சொன்ன மாதிரிதான் செஞ்சாங்கோ சார். போன்ல யாரும் பேர் சொல்லல. ஞானஸ்நானம் குடுக்க சாமியார் வர்றதுக்குள்ள போயிட்ச்சி, புள்ளைக்கும் பேர் வெக்கல."

பயமுறுத்த வருகிறவனும் பேர் சொல்வதில்லை, பயந்துபோய் வருகிறவனும் பேர் சொல்வதில்லை. இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாமலே உத்தியோகம் பார்த்து முடித்தவனுக்கும் சர்க்கார் மாதாமாதம் பேர் தப்பாமல் பென்ஷன் அனுப்புகிறது.