அம்மாவும் நீலக் கரைக் கோப்பையும்

அந்தக் கோப்பையைத் தூக்கி எறியச் சொல்லி என் மகள் பலமுறை சொல்லிவிட்டாள். வெள்ளை இனாமல், விளிம்பில் நீலக் கரை, ஒரு பக்கம் இனாமல் பெயர்ந்து கறுப்பாகத் தெரியும். அகலமான பாத்திரத்தை எங்கள் பக்கத்தில் கோப்பை என்றுதான் சொல்வோம். பாறசாலைச் சந்தையில் அப்பா வாங்கி வந்தது. எனக்காகவென்றே வாங்கியது. நான் சத்தி எடுப்பதற்கு, அதாவது வாந்தி எடுப்பதற்கு! பிறந்த பிள்ளைக்கு அரைஞாணும் கொலுசும் வாங்கிக் கொடுத்த தகப்பன்மார் உண்டு. என் அப்பா எனக்கு வாங்கிக் கொடுத்த முதல் சொத்து இதுதான். வாங்கியதற்குக் காரணம் என் வயிறல்ல, என் அம்மா.

என் அம்மாவுக்கு வாந்தி என்றால் பயம். அருவருப்பு இல்லை, அருவருப்பு யாருக்குத்தான் இல்லை? இது பயம். கொல்லயில் ஊரில் எங்கள் வீட்டைச் சுற்றித் தென்னந்தோப்பு. மழைக்காலத்தில் பாம்பு வந்தால் பக்கத்து ஆண்கள் கம்பு தேடுவதற்குள் அம்மா மண்வெட்டியால் வெட்டிப் போட்டுவிட்டு, வெற்றிலையைத் தொடர்ந்து மெல்லுவாள். கிறிஸ்துமஸுக்குக் கோழி அறுப்பதும் அவள்தான், அப்பா முகத்தைத் திருப்பிக்கொள்வார். அப்படிப்பட்டவள், நான் சாப்பிட்டு முடித்து ஒரு ஏப்பம் விட்டால் போதும், அகப்பையைப் போட்டுவிட்டு முற்றத்துக்கு ஓடிவிடுவாள். அங்கே நின்றுகொண்டு, "என்ன மக்கா, வருதா? வருதாட்டி?" என்று கேட்பாள். வராத வாந்தியும் அவள் கேட்கிற கேள்வியில் வந்துவிடும்.

அந்தச் சொல்லையே வீட்டில் சொல்லக்கூடாது. சத்தி, வாந்தி, ஓக்காளம் எதுவும் வாயில் வரக்கூடாது. 'மற்றது' என்போம். "பிள்ளைக்கு மற்றது வந்துதா?" என்று வீட்டுக்கு வருகிற உறவுக்காரர்களும் கேட்கப் பழகியிருந்தார்கள். மீனை மூன்று முறை முகர்ந்து பார்த்தபின்தான் சட்டியில் போடுவாள். சாப்பிட்ட பிறகு அரைமணி நேரம் நான் சுவரில் சாய்ந்து அசையாமல் இருக்கவேண்டும். ஊஞ்சல் கிடையாது. குட்டிக்கரணம் கிடையாது. பஸ் கிடையவே கிடையாது. நெய்யாற்றின்கரைக்குக் கல்யாணத்துக்குப் போனால்கூட, வெயிலில் என்னை நடத்தியே கூட்டிப்போவாள். பக்கத்தில் பஸ் கடந்துபோகும், உள்ளே என் வயதுப் பிள்ளைகள் ஜன்னலில் காற்று வாங்கிக்கொண்டு போவார்கள். எனக்குக் காலில் கொப்புளம். உயிரை வாங்கினாள் என்றால் சும்மா இல்லை.

அப்பா ஒரு நாள்கூட அவளைக் கோபித்ததில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். சபைப் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்புக்கு வாத்தியார் அவர், ஊரே சார் என்று கூப்பிடும். எனக்கு வயிறு புரட்டினால் நோட்டுத் திருத்துவதைப் போட்டுவிட்டு வருவார். ஒரு கையில் கோப்பை, மறு கை என் நெற்றியில். உள்ளங்கை முழுவதையும் அழுத்தித் தாங்கிப் பிடித்துக்கொள்வார். "நெத்தியைப் பிடிச்சா பாதி கஷ்டம் போச்சு மக்கா" என்பார். உண்மைதான். பிறகு அவரே கோப்பையைக் கழுவி, தரையில் அடுப்புச் சாம்பலைத் தூவிக் கூட்டி அள்ளி, "எட்டி, வரலாம்" என்று அம்மாவுக்குக் குரல் கொடுப்பார். தென்னை மூட்டில் காதைப் பொத்திக்கொண்டு நிற்கிற அம்மா அதன்பிறகுதான் திரும்புவாள். இந்தப் பயத்தால்தான் எனக்குக் கூடப்பிறந்தவர்கள் இல்லை. என்னைச் சுமந்தபோது பட்ட மசக்கை அவளுக்கு ஆயுசுக்கும் போதும் என்று ஆகிவிட்டதாம். "ஒண்ணு போதும். இனி ஒண்ணு உண்டானா நான் கிணத்தில சாடுவேனாக்கும்" என்று சொல்லிவிட்டாளாம். அப்பா அதற்கும் சரி என்றிருக்கிறார்.

அப்போது எல்லைப் போராட்டம் நடந்துகொண்டிருந்தது. தமிழ் பேசுகிற தாலுகாக்களை எல்லாம் சென்னை ராஜ்யத்தோடு சேர்க்கவேண்டும், நெய்யாற்றின்கரையையும் விடக்கூடாது என்று கூட்டமும் ஊர்வலமும். அப்பா முன்வரிசையில் நின்றவர். எங்களுக்கு வீட்டில் தமிழ், சந்தையில் மலையாளம், சண்டையில் இரண்டும். ஆனாலும் அப்பாவுக்குத் தன் வகுப்புப் பிள்ளைகள் தமிழில் படித்து, தமிழில் வேலைக்கு மனு எழுதவேண்டும் என்று ஆசை. அம்மா அவரைப் போகவேண்டாம் என்று தடுத்துக்கொண்டே இருந்தாள். புருஷன் அடிபடுவானே என்று பயந்து தடுக்கிறாள் என்று ஊரில் இரக்கப்பட்டார்கள். எனக்குத் தெரியும் அவள் என்ன சொன்னாள் என்று. "நீங்க செயிலுக்குப் போனா, பிள்ளைக்கு மற்றது வந்தா ஆரு பாப்பா? கேட்டியளா? அதுக்கு ஒரு வழி சொல்லீட்டுப் போங்க." நாடு எந்தப் பக்கம் போகப்போகிறது என்று ஊர் கொதித்துக் கிடந்தபோது என் அம்மாவின் கவலை இது. தலையில் அடித்துக்கொள்ளாமல் என்ன செய்வது!

ஓர் ஊர்வலத்தில் தடியடி நடந்தது. அதற்குப் பிறகு பெயர் எழுதி வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போலீஸ் வந்தது. அப்பா வீட்டுக்குள்ளேயே ஒளிந்துகொண்டார். கூரைக்குக் கீழே தேங்காயும் நெல்லும் போட்டு வைக்கிற பலகைத் தட்டில், தேங்காய்க் குவியலுக்குப் பின்னால் பகல் முழுவதும் படுத்திருப்பார். நாலைந்து நாள் சமாளித்துவிட்டால் ஆரியங்கோட்டில் ஒரு சினேகிதர் வீட்டுக்கு மாறிக்கொள்ளலாம் என்று ஏற்பாடு. அந்த நாலைந்து நாளைக்கு அம்மா ஒரு யோசனை கண்டுபிடித்தாள். அவளுக்கு மட்டுமே வரக்கூடிய யோசனை.

"நீ உள்ள கட்டில்ல கிட. போலீசு வந்தா முனங்கணும். மற்றது வாற மாதிரி சத்தம் போடணும். சத்தம் மட்டும் போதும் கேட்டியா, நெசமா எடுத்துராத. எந்த ஆம்பிளையும் வாசலைத் தாண்டமாட்டான் பாத்துக்கோ" என்றாள். சொல்லும்போதே அவள் முகம் வெளிறிப் போயிற்று. நீலக் கரைக் கோப்பையைப் பலாச்சக்கை பறிக்கிற நீளக் கம்பால் தள்ளித் தள்ளி வாசல்படியில் கொண்டு வைத்தாள். அதில் கொஞ்சம் சாம்பலும் என்னைப் போடச் சொன்னாள். அவளைப் பொறுத்தவரை அது பூட்டைவிடப் பெரிய பூட்டு. ஒரு வீட்டு வாசலில் அந்தக் கோப்பை இருந்தால் அவள் அந்தத் தெருப் பக்கமே போகமாட்டாள் அல்லவா? உலகமே அப்படித்தான் என்று நினைத்துவிட்டாள். தட்டிலிருந்து அப்பா, "எட்டி, அவங்களுக்கு அதெல்லாம் ஒண்ணும் இல்லட்டி" என்று சொல்லிப் பார்த்தார். "உங்களுக்குத் தெரியாது" என்று அடக்கிவிட்டாள்.

போலீஸ் வந்த அன்று காலையில் நான் செய்த காரியத்தை யாரிடமும் சொல்லவில்லை. அயனிச்சக்கை பழுக்கிற காலம் அது. பலாவின் குட்டித் தம்பி மாதிரி இருக்கும், சுளை புளிப்பும் இனிப்புமாக இருக்கும். தோப்பில் விழுந்து கிடந்ததை யாரும் பார்க்காமல் வயிறு முட்டத் தின்றிருந்தேன். அம்மா பார்த்திருந்தால் கையில் ஒரு சுளையைக்கூட விட்டுவைத்திருக்கமாட்டாள். எட்டு வயதில் வேறு என்ன புத்தி இருக்கும்?

வெயில் ஏறும் நேரத்தில் இரண்டு போலீஸ்காரர்கள் வந்தார்கள். ஒருவர் நரைத்த மீசைக்காரர், மற்றவர் இளவயது. "சார் எவிடெ?" என்று மீசைக்காரர் கேட்டார். அம்மா முற்றத்தில் நின்று, "பிள்ளைக்கு மற்றது, ரெண்டு நாளா. உள்ள போவாண்டாம்" என்றாள். அந்த நேரத்திலும் அந்தச் சொல்லை அவளால் சொல்ல முடியவில்லை. கோப்பையைக் கையால் காட்டினாள். மீசைக்காரர் கோப்பையைப் பார்த்தார், காலால் மெதுவாக ஓரத்தில் நகர்த்தினார், உள்ளே வந்துவிட்டார். அவ்வளவுதான் அம்மாவின் பூட்டு.

அம்மா சொல்லிக்கொடுத்தபடி முனங்கினேன். ஓக்காளச் சத்தமும் போட்டேன். போலியாகப் போட்ட சத்தம் இரண்டாவது தடவையிலேயே போலியாக இல்லாமல் போய்விட்டது. பயம் வேறு, வயிற்றில் அயனிச்சக்கை வேறு. இளையவர் தடியால் தட்டுப் பலகையைத் தட்டிப் பார்க்கத் தொடங்கியதும் எனக்கு வந்துவிட்டது. கட்டிலில், பாயில், தரையில். மூச்சுவிட முடியவில்லை. மீசைக்காரர் வாசலைப் பார்த்து, "கொச்சினெ ஒன்னு பிடிக்கு பெங்ஙளே!" என்று கத்தினார். பிள்ளையைப் பிடி என்கிறார். ஜன்னல் வழியாக எனக்கு அம்மா தெரிந்தாள். தோப்பின் கடைசித் தென்னையில் நெற்றியை முட்டிக்கொண்டு, இரண்டு காதையும் பொத்தி, முதுகைக் காட்டியபடி நின்றாள்.

நான் "அப்பா" என்று கூப்பிட்டேன். வாந்தி வரும்போது நான் எப்போதும் கூப்பிடுகிற பெயர் அதுதானே. வேண்டுமென்று கூப்பிடவில்லை, இதை எத்தனை பேரிடம் சொல்லி ஆறுதல் தேடியிருக்கிறேன் என்று கணக்கில்லை. மீசைக்காரர் என் பக்கம் குனிந்து கையை நீட்டினார். அதற்குள் மேலே பலகை கிறீச்சிட்டது. இரண்டு மூன்று தேங்காய் உருண்டு விழுந்தது. ஏணி இல்லாமலே அப்பா தொங்கிக் குதித்தார். போலீஸ்காரர்களை அவர் பார்க்கவே இல்லை. வாசலுக்குப் போய்க் கோப்பையை எடுத்து வந்தார், என் பக்கத்தில் உட்கார்ந்தார், நெற்றியைத் தாங்கிப் பிடித்தார். "ஒண்ணுமில்ல மக்கா, எடு, எடு" என்றார்.

நான் எடுத்து முடிக்கும்வரை அந்த இரண்டு போலீஸ்காரர்களும் சுவரோரமாக நின்றார்கள். அப்பா கோப்பையைக் கழுவி, பாயைக் கிணற்றடியில் அலசிப்போட்டு, சாம்பல் தூவிக் கூட்டி அள்ளும்வரையும் நின்றார்கள். இளையவர் கிணற்றில் தண்ணீர் இறைத்துக் கொடுத்தார் என்பதையும் சொல்லவேண்டும். பிறகு அப்பா சட்டையைப் போட்டுக்கொண்டார். "எட்டி, வரலாம்" என்று வழக்கம்போலக் குரல் கொடுத்தார்.

அம்மா வந்தாள். புருஷனுக்கு இரண்டு பக்கமும் போலீஸ் நிற்கிறது. அவள் கேட்ட முதல் கேள்வி: "நல்லா கழுவியாச்சா?"

எங்கே கொண்டுபோகிறார்கள் என்று கேட்கவில்லை, எப்போது வருவீர்கள் என்று கேட்கவில்லை. நல்லா கழுவியாச்சா! அந்தக் கேள்விக்காக அவளை நான் பல வருஷம் மன்னிக்கவில்லை. அப்பா மட்டும் சிரித்தார். "கழுவியாச்சு. நான் வாறதுவரைக்கும் நீதான் பாக்கணும். நெத்தியைப் பிடி, அது போதும். பயமா இருந்தா கண்ணை மூடிக்கிட்டுப் பிடி" என்றார். அப்புறம் அவர்களோடு நடந்துவிட்டார். அம்மா படியிலேயே உட்கார்ந்தாள். "நான் கூப்பிடலையே, எதுக்கு இறங்கினாரு" என்று தனக்குத்தானே சொன்னாள்.

அப்பா சில மாதம் சிறையில் இருந்தார். நான் வாந்தி எடுக்காமல் இருக்க எவ்வளவோ முயன்றேன். அம்மாவின் சட்டங்களை எல்லாம் நானே கடைப்பிடித்தேன், மீனை நானும் முகர்ந்தேன். இருந்தும் ஒருநாள் காய்ச்சலில் வந்தது. கோப்பையை நானே இழுத்து வைத்துக்கொண்டேன். அப்போது சமையலறையிலிருந்து உரத்த குரலில் ஒரு கீர்த்தனை கேட்டது. காதில் பஞ்சு அடைத்து, கண்ணை இறுக்க மூடி, சுவரைத் தடவித் தடவி அம்மா பாடிக்கொண்டே வந்தாள். ராகமா அது, ஓலம். நீட்டிய கை முதலில் என் காதைப் பிடித்தது, பிறகு மூக்கைப் பிடித்தது. மூச்சு முட்டி நான் அவள் கையைத் தட்டிவிட்டு, "மேல பிடிம்மா, மேல" என்று கத்தினேன். அவள் காதில்தான் பஞ்சு இருக்கிறதே, எங்கே கேட்க! ஒருவழியாக நெற்றிக்கு வந்தது. கை அப்படி நடுங்கியது, என் தலையும் சேர்ந்து ஆடியது. எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. இதற்குத் தனியாகவே எடுத்திருக்கலாம் என்று நினைத்தேன்.

அப்பா திரும்பி வந்தார். எல்லையும் வந்தது, எங்களை மலையாளப் பக்கமே விட்டுவிட்டு களியக்காவிளைக்குப் போய் விழுந்தது. அப்பா அதைப் பற்றிப் பேசுவதை நிறுத்திக்கொண்டு, தன் நாலாம் வகுப்புக்கே போனார். நான் நர்ஸ் வேலைக்குப் படித்தேன். அம்மாவைப் பழிவாங்கவென்றே அந்த வேலையைத் தேர்ந்தேன் என்று வீட்டில் கேலி செய்வார்கள், முழுக்கப் பொய்யில்லை. அந்தப் பயத்துக்கு வைத்தியத்தில் ஒரு பெயர் உண்டு என்று வார்டில் ஒரு டாக்டர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். "பேரு வச்சா போயிருமா?" என்று கேட்டுவிட்டுத் தேங்காய் துருவப் போனாள். முப்பது வருஷம் எத்தனையோ பேரின் நெற்றியைத் தாங்கியிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் அவள்மேல் கொஞ்சம் கோபம் வரும்.

அப்பா போய்ப் பல வருஷத்துக்குப் பிறகு, அம்மாவுக்கு வயிற்றில் கட்டி வந்தது. அவள் ஆயுள் முழுக்கப் பயந்தது அவளையே பிடித்துக்கொண்டது. சாப்பிட்டது எதுவும் நிற்கவில்லை. பரணிலிருந்து நீலக் கரைக் கோப்பையை எடுத்துக் கழுவிக் கொண்டுவந்தேன். முதல் தடவை வந்தபோது அவள் முகத்தில் தெரிந்த பயத்தை இத்தனை வருஷ வேலையில் வேறு எந்த நோயாளியிடமும் நான் பார்த்ததில்லை. கையால் என்னைத் தள்ளினாள். "நீ வெளிய போ மக்கா, தெங்கு மூட்டுக்குப் போ. நான் கூப்பிடுதேன்" என்றாள். எழுபது தாண்டியவள், எழுந்து உட்காரத் தெம்பில்லாதவள், என்னை வெளியே போகச் சொல்கிறாள்! "சும்மா கிடம்மா" என்று அதட்டினேன். கோப்பையைக் கீழே பிடித்து, நெற்றியில் கையை வைத்தேன். சின்ன நெற்றி. அதை அதற்குமுன் நான் தொட்டதே இல்லை.

ஓக்காளத்துக்கு நடுவில் மூச்சு வாங்கிக்கொண்டு அவள் சொன்னாள்: "கண்ணை மூடிக்கோ மக்கா. பயப்படாத. மூடிக்கிட்டுப் பிடி."

நான் மூடவில்லை. "மூடிட்டேம்மா" என்று சொன்னேன்.

கோப்பை இப்போது அலமாரியின் அடித்தட்டில் இருக்கிறது. யாரும் பயன்படுத்துவதில்லை. மகள் கேட்டால் போடுகிறேன், போடுகிறேன் என்று சொல்லிவைத்திருக்கிறேன். மாதம் ஒருமுறை எடுத்து, சாம்பல் போட்டுத் தேய்த்து, வெயிலில் கவிழ்த்து வைப்பேன். காய்ந்ததும் எடுக்கப் போகும்போது, நல்லா கழுவியாச்சா என்று ஒரு குரல் கேட்கும். கழுவியாச்சு, வரலாம் என்று சொல்லிவிட்டு உள்ளே எடுத்து வைப்பேன்.