வேலி தாண்டி வந்த பப்பாளிச் சாறு

அன்று வீட்டில் இருந்தது அம்மா, பிள்ளை பெற்றுப் பன்னிரண்டு நாளான அக்கா, குழந்தை, நான். அப்பா ரோட்டு வேலைக்குப் போயிருந்தார். அத்தான் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தார். மலாயாவுக்கு மெர்டேக்கா, அதுதான் சுதந்திரம், வந்த வருடம்.

மலாக்காவின் காஜா பெராங்கில் எங்கள் பக்கத்து வீடு, பல தலைமுறைக்கு முன்பே வந்து குடியேறிய மலாக்காச் செட்டிக் குடும்பம். சாமி கும்பிடுவதெல்லாம் எங்களைப் போல. பேச்சு மட்டும் மலாய். அவர்களுடைய பப்பாளி மரத்தை எங்களுடையது போலவே புழங்கினோம். வயிறு கட்டினால் பழம், காய்ச்சலுக்கு இலைக் கஷாயம், முற்றின கறி வேக ஒரு துண்டுக் காய். அக்கா முழுகாமல் இருந்தபோது மட்டும் அம்மா அவளை அந்தப் பக்கமே விடவில்லை.

குழந்தை ஓயாமல் அழுவதைக் கேட்டு, அந்த வீட்டு அம்மாள் வேலி மேல் ஒரு கிண்ணத்தை நீட்டினார். பச்சைப் பப்பாளிக்காயும் மீனும் மிளகும் போட்ட சாறு. “தாய்க்குப் பால் ஊறும். ஏழு நாள் கொடுக்கணும். நீதானே படித்தவன், உன் அம்மாவிடம் விளக்கிச் சொல்” என்றார் மலாயில். அம்மாவுக்கு மலாய் புரியாது.

அம்மா கிண்ணத்துக்குள் பார்த்தார். “பப்பாளிக்காயா! பச்ச ஒடம்புக்காரிக்கா? அவங்களுக்கென்ன, மொளகாச் சம்பல் தின்னு ஊறுன ஒடம்பு!”

“எதுக்காம் தம்பி?” என்று உள்ளேயிருந்து அக்கா கேட்டாள்.

எனக்குப் பதினேழு வயது. அக்காவிடம் தாய்ப்பால் என்று சொல்ல வாய் வரவில்லை.

“சும்மா… ஒடம்புக்கு நல்லதாம்.”

“தொரைக்கு இங்கிலீஷ் பள்ளிக்கூடம் வேற!” என்று சிரித்தபடியே அம்மா அதைச் சாக்கடையில் ஊற்றினார்.

கழுவிய கிண்ணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். “குடித்தாளா?” என்றார் அந்த அம்மாள். தலையாட்டிவிட்டேன். அதனால் இன்னும் ஆறு நாள் கிண்ணம் வந்தது. ஆறு நாளும் வீட்டுக்குள் கொண்டுபோகாமல் நானே ஊற்றினேன்.

அந்தச் சாறு பலித்திருக்குமா, தெரியாது. பால் ஊறும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அம்மா யோசித்திருப்பார். அவருக்கும் அக்காவுக்குப் பால் போதவில்லையே என்ற கவலைதான். அக்காவுக்கு அடுத்த மாதமே பால் நின்றுவிட்டது. “ஏழு நாள் கொடுத்தும் பலிக்கவில்லையே, என் கைப்பக்குவம் போய்விட்டது” என்று பக்கத்து வீட்டு அம்மாள் என்னிடமே வருத்தப்பட்டார். அதற்கும் தலையாட்டிவிட்டேன்.

குழந்தை பால் மாவில்தான் வளர்ந்தது. ஒன்பது மாதத்தில் ஐம்பத்திரண்டு டின், டின் இரண்டு வெள்ளி இருபது காசு. மொத்தம் நூற்றுப் பதினான்கு வெள்ளி நாற்பது காசு.