வலது கால் பூட்ஸ்

பூட்ஸ் வாங்குகிறவர்கள் சாயங்காலமாகக் கடைக்குப் போக வேண்டும். தூங்கி எழுந்த கால் ஒரு அளவு, நாளெல்லாம் அலைந்து திரும்பிய கால் இன்னொரு அளவு. இது இன்றைக்கு எனக்குத் தெரியும். ஐம்பதுகளின் கடைசியில், கல்யாணத்துக்கு முன்னால், எனக்குத் தெரிந்ததெல்லாம் கடை திறக்கும் நேரத்தில் போய் நின்றால் முதல் போணி என்று விலையைக் கொஞ்சம் குறைப்பார்கள் என்பதுதான். ஆகையால் தென்காசியிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்துத் திருநெல்வேலி ஜங்ஷனுக்குப் போய், கடைக்காரர் பூட்டைத் திறப்பதற்கு முன்பே படியில் உட்கார்ந்திருந்தேன்.

பூட்ஸ் எனக்கு உண்மையாகவே தேவைப்பட்டது. ஒரு மரக் காண்டிராக்டரிடம் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். அவ்வப்போது செங்கோட்டைக்கு மேலே மலை ஏறி, வெட்டிப் போட்டிருக்கும் மரங்களை அளந்து குறித்துக்கொண்டு வர வேண்டும். மழைக்காலத்தில் அங்கே தரையெல்லாம் அட்டை. மரம் வெட்டுகிறவர்கள் காலில் புகையிலைச் சாற்றைத் தடவிக்கொண்டு ஒன்றும் நடக்காததுபோலத் திரிவார்கள். நான் மட்டும் அடிக்கொரு தரம் குனிந்து அட்டை பிடுங்கிக்கொண்டிருப்பேன். கணக்கப்பிள்ளை ரத்தம் ருசி போல என்று அவர்கள் பேசிக்கொண்டார்கள்.

கடைக்காரர் இரண்டு ஜோடி எடுத்து வைத்தார். எட்டாம் நம்பர் தடித்த தோல், இரட்டை அடி, தைத்த தையல். நாக்கு இரண்டு பக்கமும் ஒட்டித் தைத்திருந்ததால் தண்ணீர் உள்ளே போகாது. ஆனால் பார்ப்பதற்கு இரண்டு எருமைக் கன்றுகள் படுத்திருப்பதுபோல் இருந்தது. ஏழாம் நம்பர் ஒல்லியாக, பளபளவென்று, என் மூக்கு தெரிகிற மாதிரி மின்னியது. போட்டுப் பார்த்தேன். விரல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டன. கடைக்காரர், “தோல்தானே சார், போடப் போட இளகிக் கொடுக்கும்” என்றார். அதுவரை என்னை யாரும் சார் என்று கூப்பிட்டதில்லை. கால் எட்டாம் நம்பர்தான். ஆனால் சார் என்று கூப்பிட்டுவிட்டாரே, ஏழாம் நம்பரையே வாங்கிவிட்டேன்.

வீட்டில் அம்மா அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, “எய்யா, இதைப் போட்டுக்கிட்டு எங்கன சண்டைக்குப் போற?” என்று கேட்டாள்.

இதற்கு நடுவில் மேலகரத்து ஜாதகம் வந்தது. அந்தப் பெண்ணை எனக்கு முன்பே தெரியும். போன சீசனில் குளிப்பதற்காகக் குற்றாலத்துக்குச் சைக்கிளில் போகும்போது, மேலகரத்தில் ஒரு பலசரக்குக் கடையில் சீயக்காய்த்தூள் கேட்டேன். கடைக்காரர் சாப்பிடப் போயிருந்தார். அவர் மகள் நின்றாள். நான் பெரிய பொட்டலம் கேட்க, அவள் என் தலையை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சின்னப் பொட்டலத்தை எடுத்து வைத்து, “இதுவே போதும்லா” என்றாள். அந்த வயதிலேயே எனக்கு முடி உச்சியிலிருந்து விடைபெறத் தொடங்கியிருந்தது. யாராவது சொன்னால் கோபம் வரும். அன்றைக்கு வரவில்லை. குற்றாலம் போய்ச் சேரும்வரை சிரித்துக்கொண்டே மிதித்தேன். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் சீயக்காய் அளவுக்கு மேல் சேர்ந்தது.

அதே வீட்டிலிருந்து ஜாதகம் என்றதும் எனக்கு நிலைகொள்ளவில்லை. பயமும் இருந்தது. அதற்கு முன் இரண்டு வீடுகளில் என்னைப் பார்த்துவிட்டு, எழுதிப் போடுகிறோம் என்றிருந்தார்கள். எழுதவில்லை. தலைதான் காரணம் என்று எனக்கு நிச்சயம். இந்த முறை அவள் கண் என் தலைக்குப் போகாமல் தடுக்க ஒரு வழி கண்டுபிடித்தேன். காலில் பூட்ஸ் மின்னினால் யார் தலையைப் பார்ப்பார்கள்?

ஆனால் பூட்ஸ் இளகவில்லை. குதிகாலில் கொப்புளம்தான் வந்தது. அடுத்த வீட்டில் பட்டாளத்திலிருந்து திரும்பிய ஒருவர் இருந்தார். பூட்ஸை நன்றாக நனைத்து, போட்டுக்கொண்டு, காலிலேயே காயும்வரை நடக்க வேண்டும், அப்போதுதான் தோல் கால் சொன்னபடி கேட்கும் என்றார். அவர் சொன்னது முழுசு, நான் செய்தது பாதி.

நனைப்பது என்று வந்தபிறகு வீட்டுக் குடத்துத் தண்ணீரில் நனைப்பானேன், குற்றாலம் பக்கத்தில் இருக்கும்போது? பூட்ஸோடு பேரருவிக்குக் கீழே போய் நின்றேன். உடம்பெல்லாம் எண்ணெய் வழிய நின்ற கூட்டம் எனக்கு மட்டும் தனியாக இடம் விட்டது. ஒரு பெரியவர் மிகவும் அக்கறையாக, “தம்பி, தலைக்கு எண்ணெய் தேய்க்காம காலுக்கு லாடம் அடிச்சிட்டு வந்திருக்கீரே” என்றார்.

சாரல் காலம். நனைத்ததெல்லாம் நனைந்தபடியே இருக்கும். நாள் முழுக்கச் சளக் சளக்கென்று நடந்தும் பூட்ஸ் காயவில்லை. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்கப் போக வேண்டும். அம்மா ஈர வேட்டிகளை அடுப்புக்கு மேலே கொடியில் போட்டுத்தான் காயவைப்பாள். நானும் பூட்ஸ் இரண்டையும் அடுப்பு ஓரம் நிறுத்தி வைத்துவிட்டுப் படுத்தேன். காலையில் காய்ந்திருந்தது. வடகம்போலக் காய்ந்திருந்தது. தட்டினால் சத்தம் வந்தது. ஏழாம் நம்பர் ஆறரை ஆகியிருக்கும் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. உள்ளே கால் போக மறுத்ததை, நேற்று நடந்த அலுப்பு என்று எடுத்துக்கொண்டேன்.

எங்கள் வீட்டுப் பெரியவர் பெரியப்பா. பஞ்சாங்கத்தைக் கேட்காமல் தும்மக்கூட மாட்டார். நாலரைக்கு ராகுகாலம் தொடங்குகிறது, அதற்குள் பெண் வீட்டில் வலது காலை எடுத்து வைத்துவிட வேண்டும் என்று உத்தரவு. அவரும் அம்மாவும் பழத்தட்டும் குதிரை வண்டியில் ஏறிக்கொண்டார்கள். எனக்கும் இடம் இருந்தது. வண்டிக்குள் உட்கார்ந்தால் பூட்ஸ் யார் கண்ணில் படும்? பக்கத்தில் நடந்தே வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். தூறலிலும் சேற்றிலும் மேலகரம் வருவதற்குள் கால் வீங்கி, நொண்டி நொண்டி, கடைசியில் வண்டிச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு வந்தேன். குதிரை ஒருதரம் திரும்பி என் காலைப் பார்த்தது. அன்றைக்குப் பூட்ஸை மதித்த ஒரே ஜீவன் அதுதான்.

பெண்ணின் அப்பா செம்பில் தண்ணீரோடு வாசலில் நின்றார். பெரியப்பா கடிகாரத்தைப் பார்த்து, நேரம் இருக்கிறது, சீக்கிரம் கழற்று என்றார். முக்காலியில் உட்கார்ந்து நாடாவை இழுத்தேன். ஈரத்தில் முடிச்சு இறுகிக் கல்லாகியிருந்தது. ஒரு வழியாக அவிழ்த்தால், பூட்ஸ் அசையவில்லை. நான் இழுத்தேன். அம்மா இழுத்தாள். பெண்ணின் அப்பா, “நீங்க இருங்க தம்பி” என்று சொல்லி, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, என் இடது காலைத் தன் மடியில் வைத்து, கிணற்றில் வாளி இழுப்பதுபோல் இழுத்தார். பூட்ஸ் கழன்றது. அவர் அதைக் கட்டிப் பிடித்தபடி வாசல் கோலத்தில் உட்கார்ந்தார். பூட்ஸுக்குள்ளிருந்து எங்கள் வீட்டுச் சாம்பார் வாசனை வந்தது. ஜன்னலுக்குப் பின்னால் ஒரு சிரிப்பு கேட்டது. எனக்குத் தெரிந்த சிரிப்பு.

வலது கால் வரவே இல்லை. விளக்கெண்ணெய் ஊற்றினார்கள். எண்ணெய் உள்ளே போயிற்று, கால் வெளியே வரவில்லை.

பெரியப்பா தலையில் அடித்துக்கொண்டார். “ஏலே, வலது காலையில்லா முதல்ல வைக்கணும். அதை விட்டுட்டு எதுக்குலே இடதைக் கழத்துன?”

கழன்றதுதான் கழன்றது என்றேன். எடுபடவில்லை. இடது காலை முதலில் வைத்து நுழைவது கூடாது. பூட்ஸ் காலோடு நுழைந்தால் வீட்டு லட்சுமி வெளியே போய்விடுவாள் என்றாள் அம்மா. பெரியப்பா கடிகாரத்தை மூடிச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டு, இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம் என்றார். வாசல்வரை வந்துவிட்டுத் திரும்பினால் இன்னொரு நாள் என்பது வராது என்று அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். பெண்ணின் அப்பாவுக்கு முகம் விழுந்துவிட்டது. முக்காலியில், ஒரு கால் எண்ணெயில் ஊற, அழுகிற நிலைமையில் நான்.

அப்போது ஜன்னலுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. “எம்மா, கடையில சீனிச் சாக்கு கெடக்குல்லா? அதுக்குள்ள காலை விட்டுக் கட்டச் சொல்லுங்க. சாக்குதானே உள்ள வரும், பூட்ஸ் வராதுல்லா?”

எல்லோரும் பெரியப்பாவைப் பார்த்தார்கள். அவர் கண்ணை மூடி, தனக்குத் தெரிந்த சாஸ்திரத்தையெல்லாம் ஒருமுறை புரட்டினார். “சாக்குக்குத் தோஷம் கெடையாது” என்றார்.

சாக்கு வந்தது. முழங்காலுக்குக் கீழே சணலால் கட்டினார்கள். அம்மா தோளைப் பிடிக்க, சீனிச் சாக்கில் பொதிந்த என் வலது கால், நாலரைக்குச் சற்று முன்னால், மங்களகரமாக உள்ளே போயிற்று.

என்னை நாற்காலியில் உட்கார்த்தினார்கள். அவள் காப்பி கொண்டு வந்தாள். கடையில் பார்த்ததைவிட அழகாக இருந்தாள். நல்லபடியாக ஒரு சிரிப்புச் சிரிக்கலாம் என்று வாயைத் திறந்தபோது முதல் எறும்பு கடித்தது. சீனிச் சாக்கு என்றால் எறும்பும் இருக்கும் என்று யாரும் நினைக்கவில்லை. பேண்டுக்குள் ஏறி, முழங்கால்வரை வந்து, அங்கங்கே நின்று கடித்தன. பெண் பார்க்க வந்த இடத்தில் சொறியலாமா? பல்லைக் கடித்துக்கொண்டேன். அவள் என்னை நேராகப் பார்க்கிற சமயத்தில், என் முகம் வேப்பெண்ணெய் குடித்தவன் முகம்போல் இருந்திருக்கிறது. எனக்குத் தெரியவில்லை, மற்ற எல்லோருக்கும் தெரிந்தது.

அவளுடைய அம்மா தட்டை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அவள் அப்பா கூரையைப் பார்த்தார். பெரியப்பா என் முகத்தைப் பார்த்தார், பெருமூச்சு விட்டார், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

“சரி அண்ணாச்சி. ஊருக்குப் போயி எழுதிப் போடுதோம்.”

தென்காசிக்கும் மேலகரத்துக்கும் நடுவில் ஒரு பீடி பற்றவைத்து முடிக்கிற சைக்கிள் தூரம். அதற்குக் கடிதம் எழுதுவது என்றால் என்ன அர்த்தம் என்று குழந்தைக்கும் தெரியும். அவள் காப்பித் தம்ளர்களை எடுத்து அடுக்கத் தொடங்கினாள். இந்த முறை சிரிக்கவில்லை. மாப்பிள்ளை வாயைத் திறக்கக் கூடாத இடம் அது. எங்கள் பக்கத்தில் அதுவரை யாரும் திறந்ததாகக் கேள்விப்பட்டதில்லை. நான் எழுந்தே நின்றுவிட்டேன்.

“பெரியப்பா, எனக்குப் பொண்ணைப் பிடிச்சிருக்கு. ரொம்பப் பிடிச்சிருக்கு. மூஞ்சி இப்படி இருக்கது சாக்குக்குள்ள எறும்பு கடிக்கதுனால.”

சொல்லிவிட்டு, இனி மறைக்க ஒன்றுமில்லை என்று, குனிந்து இரண்டு கையாலும் சொறிந்தேன். குனிந்ததில் என் உச்சந்தலை அவளுக்கு நேராக, ஒளிவில்லாமல், விளக்குப்போலத் தெரிந்திருக்கும். இவ்வளவு பாடும் எதை மறைக்கவோ, அதை நானே நீட்டிக் காட்டிவிட்டேன்.

அவள் அப்பா மெதுவாக, நீ என்னம்மா சொல்லுதே என்று கேட்டார். பெண்கள் இதற்கு உள்ளே ஓடிவிடுவதுதான் வழக்கம். அவள் ஓடவில்லை. தம்ளர்களைக் கீழே வைத்தாள். தலையிலிருந்து கால்வரை, சாக்குவரை, நிதானமாக என்னைப் பார்த்தாள்.

“தலைக்கு இனிமே ஒண்ணும் செய்ய முடியாதுப்பா. காலைச் சரி பண்ணிரலாம்.”

முதலில் சிரித்தது எங்கள் அம்மா. பிறகு பெரியப்பா, ராகுகாலம் என்றும் பாராமல்.

அன்றைக்கு விளக்கு வைத்த பிறகுதான் வலது பூட்ஸ் கழன்றது. அவள் அப்பாவின் செருப்பைப் போட்டுக்கொண்டு ஊர் திரும்பினேன். பூட்ஸ் இரண்டையும் அவள் வைத்துக்கொண்டாள். பழைய செய்தித்தாளைக் கசக்கி உள்ளே திணித்து, நிழலில் காற்றாட உலரவைத்து, துணியில் தொட்டுத் தொட்டு விளக்கெண்ணெய் தேய்த்து, கல்யாணத்துக்குள் அதைப் பழைய பளபளப்புக்குக் கொண்டு வந்துவிட்டாள். இளகியும் விட்டது. என் காலுக்கு அல்ல, அவள் தம்பி காலுக்கு.

கல்யாணமான கையோடு இருவரும் அதே கடைக்குப் போனோம், சாயங்காலமாக. எருமைக் கன்று அங்கேயே படுத்திருந்தது. கெட்டியான காலுறை ஒன்றைப் போடச் சொல்லி, என்னைக் கடைக்குள்ளேயே முன்னும் பின்னும் நடக்கவிட்டாள். விரல் மடங்குகிறதா, குதிகால் தூக்குகிறதா என்று அவள் குனிந்து அமுக்கி அமுக்கிப் பார்க்க, கடைக்காரர் இந்த முறை சார் என்று என்னைக் கூப்பிடவில்லை, அவளைத்தான் அம்மா என்றார்.

அந்த எட்டாம் நம்பர் எத்தனையோ மழைக்காலம் மலை ஏறி இறங்கியது. அடி தேய்ந்தபோது மாற்றித் தைத்தோம். அடுப்புப் பக்கம் அதைக் கொண்டுபோக அவள் ஒருநாளும் விட்டதில்லை. அட்டைகள் வேறு கணக்கப்பிள்ளையைத் தேடிக்கொண்டன. எங்கள் வீட்டுக்குச் சீயக்காய் இன்றைக்கும் மேலகரத்துக் கடையிலிருந்துதான் வருகிறது. சின்னப் பொட்டலம். அதுவும் அவளுக்கு மட்டும்.