கைக்குக் கேட்ட பாட்டு

என் வீட்டுக்காரர் டீ ஃபாக்டரியில் ஃபிட்டர். இலை உருட்டும் மெஷின்களுக்கு நடுவே வாழ்நாளெல்லாம் நின்று காதைத் தொலைத்துவிட்டு, ரிட்டயரான பிறகு பாட்டு கேட்க ஆசைப்பட்டார். காதில் மாட்டும் கருவியை வாங்கிக் கொடுத்தேன். விசிலடிக்கிறது என்று கழற்றி டப்பாவில் போட்டவர் பிறகு அதைத் தொடவே இல்லை. பிடிவாதத்தில் அவரை மிஞ்சக் கீழ் கோத்தகிரியில் ஆள் கிடையாது, என்னைத் தவிர.

ஒரு கல்யாண வீட்டில் பெரிய ஸ்பீக்கர் பெட்டிமேல் கை வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார். மேளத்தின் அடி உள்ளங்கைக்கு வருகிறதாம். ஊர் திரும்பியதும் தானே ஒரு பெட்டி செய்யப்போவதாகச் சொன்னார்.

"கடையில விக்கிறத வாங்கிக்கலாமுங்க" என்று அவர் காதருகில் கத்தினேன்.

"அதெல்லாம் ஆணியும் ஸ்க்ரூவும். ஆடுற மெஷின்ல மொதல்ல கழலுறது அதுதான் புள்ள."

எஸ்டேட்டில் நிழலுக்கு நட்ட சில்வர் ஓக் ஒன்று காற்றில் சாய்ந்தது. அதில் பலகை அறுத்து வாங்கி வந்தார். பச்சை மரம். எங்கள் பக்கம் எது ஈரமானாலும் கொண்டுபோகிற இடம் ஒன்றுதான், ஃபாக்டரியில் இலை வாட்டும் மாடி. சூடான காற்று வீசும் அந்த மாடியில் கம்பளி காயும், குழந்தைத் துணி காயும், விறகும் காயும். பழைய சிநேகிதர்களைப் பிடித்துப் பலகைகளையும் அங்கேயே ஏற்றினார். இறக்கியபோது தட்டினால் கணீரென்றன. இப்படிக் காய்ந்த மரம் இந்த மலையிலேயே கிடையாது என்று அவருக்குப் பெருமை தாளவில்லை.

பலகை ஓரங்களில் புறா வால் போல விரிந்த பற்களை உளியால் செதுக்கி, அடுத்த பலகையின் பள்ளத்தில் கோத்து மூலைகளைப் பூட்டினார். பலகையைப் பிடித்துக்கொள்வதும் திட்டு வாங்குவதும் என் வேலை. முன்பலகையில் வட்டமாக அறுத்து, கடையில் வாங்கிய ஸ்பீக்கரைப் பதித்தார். பின்பக்கப் பலகைக்குச் சுற்றிலும் நீளப் பள்ளமாகக் காடி வெட்டி, முடிகூட நுழையாதபடி இறுக்கமாகச் சொருகினார். உள்ளே அடைபட்ட காற்று கசிந்தால் மேள அடி செத்துவிடும் என்பார்.

முதல் பாட்டை என் போனிலிருந்து போட்டேன். பெட்டியின் தலைமேல் இரண்டு கையையும் விரித்து வைத்துக் கண்ணை மூடினார். கொஞ்ச நேரத்தில் அவர் பாதம் தாளம் போட்டது, துளி பிசகாமல்.

"கேக்குது புள்ள, கைக்குக் கேக்குது" என்று அழுதார். நானும் அழுதேன், அதில் என்ன வெட்கம். அந்தக் கோடை முழுக்க என்னைச் சமைக்க விடாமல், பாட்டை மாற்று பாட்டை மாற்று என்று உயிரை வாங்கினார்.

ஐப்பசியில் மழையும் மஞ்சும் இறங்கின. அடுப்படியில் உப்புகூடக் கசிந்தது. ஒரு காலையில் பெட்டிமேல் கை வைத்தவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"போட்டுட்டியா?"

"பாடிட்டுத்தானுங்க இருக்குது!"

எனக்குக் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. பாட்டு கொஞ்சம் மெலிந்த மாதிரி இருந்ததற்கு மழை இரைச்சல்தான் காரணம் என்று நினைத்தேன். அவர் கையை இடம் மாற்றி மாற்றி வைத்தார். பிறகு உள்ளங்கைகளை வேட்டியில் துடைத்துக்கொண்டு, "இதுவும் போச்சு" என்றார்.

அவருக்கு இருந்த சர்க்கரை நோயால் கை மரத்துப் போகலாம் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்ததால் நாங்கள் வேறு எதையும் யோசிக்கவில்லை. அவர் பெட்டிப் பக்கமே போகவில்லை. பாட்டு போடட்டுமா என்று கேட்டால் தலையாட்டி மறுத்துவிட்டுச் சன்னலைப் பார்த்து உட்கார்ந்துகொள்வார். கார்த்திகையில் நெஞ்சுவலி வந்து, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே இறந்துபோனார்.

தையில் வெயில் வந்ததும் சுவரில் பூத்திருந்த பூஞ்சணத்தைத் துடைக்கலாம் என்று பெட்டியை நகர்த்தினேன். பின்பக்க மூலை ஒன்று, கரண்டிக் காம்பு நுழையும் அளவுக்குப் பிளந்திருந்தது. மொறுமொறுவென்று காய வைத்த பலகை மஞ்சைக் குடித்து உப்பி, இறுகிய காடிக்குள் இடமில்லாமல் மூலைப் பூட்டை நெம்பித் தள்ளியிருக்கிறது. காற்றெல்லாம் அந்த வழியாகப் போயிருக்கிறது.

அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். மரத்தில்தான் பழுது என்று தெரிந்திருந்தால், மரத்தையும் என்னையும் சேர்த்துத் திட்டிக்கொண்டே உளியைத் தேடியிருப்பார். ஒரு பகல் வேலை. அது தெரியாமல், தன் கையும் செத்துப்போனதாக நம்பிக்கொண்டே போய்விட்டார்.