ரெக்கார்டு நோட்டில் இல்லாத பெயர்

சுனாமிக்கு இரண்டு வருடம் முந்தி ஆரம்பித்த கதை இது. எங்கள் ஊர் காரைக்காலில், தருமபுரத்தில் ஒரு வாடகை வீட்டில் மனவளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்கான பள்ளிக்கூடம் ஒன்று நடந்துகொண்டிருந்தது. நான் அப்போது திருச்சியில் சிறப்புக் கல்வியில் பி.எட். படித்துக்கொண்டிருந்தேன். சேவை, தியாகம் என்றெல்லாம் நினைத்துவிடாதீர்கள். பி.எஸ்ஸி. முடித்துவிட்டு வீட்டில் சும்மா இருந்தேன். துபாயில் இருந்த வாப்பா, "அந்தப் படிப்புக்கு இங்க நல்ல கிராக்கி, நம்பர் ஒண்ணு குடுப்பாங்களாம்" என்று போனில் சொல்ல, உம்மா என்னைச் சேர்த்துவிட்டார். அவ்வளவுதான்.

அந்த நம்பர் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். டில்லியில் இருக்கும் மத்திய அரசு கவுன்சிலில் பதிவு செய்தால் ஒரு எண் தருவார்கள். அது இருந்தால்தான் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குச் சட்டப்படி பாடம் சொல்லித்தரலாம். எண் வேண்டுமானால் பட்டம் வேண்டும், பட்டம் வேண்டுமானால் செய்முறைத் தேர்வில் தேற வேண்டும். அதற்கு ஒரு குழந்தையை எடுத்துக்கொண்டு, ஒன்றரை மாதம் ஒரே ஒரு வேலையைப் பழக்கி, தினமும் நடந்ததை ரெக்கார்டு நோட்டில் எழுத வேண்டும். தேதி, பழக்கியது என்ன, குழந்தை செய்தது எவ்வளவு, கற்பித்தவர் யார் என்று நான்கு கட்டம். இந்தப் பயிற்சிக்குத்தான் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தேன். ஹாஸ்டல் சாம்பாரிலிருந்து தப்பித்து உம்மா சமையலைச் சாப்பிடலாமே என்ற நினைப்பும் ஒரு காரணம்.

எனக்குக் கொடுத்தது விழிதியூரிலிருந்து வந்த ஒரு பெண் குழந்தையை. பத்து வயது. பேச்சு கிடையாது. தானாகச் சாப்பிடத் தெரியாது. அவளுடைய அம்மா வயல் வேலை செய்பவர். தினமும் மத்தியானம் வேலையைப் பாதியில் போட்டுவிட்டு, பஸ் பிடித்து வந்து ஊட்டிவிட்டுப் போவார். "நடவு தொடங்கிட்டா என்னால வர முடியாது டீச்சர். புள்ளய வீட்டுலயே வச்சுக்கிறேன்" என்று அவர் சொல்லியிருந்தார். ஆகவே அந்தக் குழந்தை தன் கையால் சாப்பிடக் கற்றுக்கொள்ள வேண்டும். அதுதான் என் வேலை.

படம் வரைந்து ஒட்டினேன். கலர் கலராக ஸ்பூன் வாங்கிப்போனேன். நானே சாப்பிட்டுக் காட்டினேன். இரண்டாவது வாரம் தட்டு பறந்து வந்து என் புதுச் சுடிதாரில் விழுந்தது. குளியலறையில் போய் அழுதேன். குழந்தைக்காக அல்ல, மார்க்குக்காக.

அங்கே ஒரு அக்கா இருந்தார். திருவேட்டக்குடிக்காரர். வீட்டுக்காரர் படகுக்குப் போகிறவர். பிளஸ் டூ வரை படித்திருந்தார். அவருடைய பெண் குழந்தையும் இந்தப் பள்ளிக்கூடத்தில்தான் இருந்ததாம். கூடவே வந்து உட்கார்ந்தவர், பக்கத்துப் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்திருக்கிறார். வலிப்பில் அந்தக் குழந்தை தவறிப்போன பிறகும் அவர் வருவதை நிறுத்தவில்லை. ஏழெட்டு வருடமாக ஒரு வகுப்பையே நடத்திக்கொண்டிருந்தார். ஆனால் பயிற்சி இல்லாதவரை ஆசிரியர் என்று எழுத முடியாதே, அதனால் வருகைப் பதிவேட்டில் அவர் பெயருக்கு நேராக 'ஆயா' என்று இருந்தது.

தட்டு பறந்த மறுநாள் அவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"தங்கச்சி, நீங்க மொதல்லேருந்து ஆரம்பிக்கிறீங்க. அதுக்கு மலைப்பா இருக்கு. எங்கூர்ல புள்ளைவளுக்கு வலை பின்னப் பழக்குறப்ப, கடைசி முடிச்ச மட்டுந்தான் மொதல்ல கையில குடுப்போம். முடிச்சது நாந்தாங்கற நெனப்பு வந்துட்டா, மத்தத அதுவே கேட்டு வாங்கிக்கும்."

சொல்லிவிட்டுச் செய்தும் காட்டினார். சோற்றைக் கட்டியாகப் பிசைந்து, குழந்தையின் விரல்களுக்குள் வைத்து, கையைப் பிடித்து உதடு வரைக்கும் கொண்டுபோய், அங்கே விட்டார். மிச்சம் இருந்தது ஒரு விரற்கடை தூரம். குழந்தை வாயைத் திறந்து அதை உள்ளே தள்ளிக்கொண்டது. அடுத்த சில நாள் மோவாய் வரைக்கும்தான் பிடித்தார். பிறகு நெஞ்சு வரைக்கும். கை கீழே விழுந்தால் திட்ட மாட்டார். துடைத்துவிட்டு மறுபடி ஆரம்பிப்பார். இதற்கு என் பாடப் புத்தகத்தில் நீளமாக ஒரு பெயர் உண்டு. பரீட்சையில் பத்து மார்க்குக்கு விளக்கி எழுதியவள் நான். கண்ணெதிரே நடந்தபோது அதுதான் இது என்று புரிய எனக்கு மூன்று நாள் ஆயிற்று.

நான் என்ன செய்தேன் தெரியுமா? பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து எழுதினேன். தேதி எழுதினேன், அவர் பழக்கியதை எழுதினேன், குழந்தை செய்ததை எழுதினேன். கற்பித்தவர் என்ற கட்டத்தில் என் பெயரை எழுதினேன். முதல் நாள் மட்டும் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. அக்காவிடம் கேட்கவும் கேட்டேன்.

"எழுதிக்கிங்க தங்கச்சி. எனக்கு எதுக்கு அது. ஆயா கத்துக்குடுத்தான்னு எழுதினா ஒங்க மார்க்கு போயிடும். புள்ள சாப்புட்டா சரி" என்றார்.

அதற்குப் பிறகு கூச்சமும் போய்விட்டது. நோகாமல் நுங்கு தின்பது என்பார்களே, அதைத்தான் ஒரு மாதம் செய்தேன். ரெக்கார்டின் முன்பக்கத்தில் பள்ளிக்கூடத்தைப் பற்றி ஒரு குறிப்பு எழுத வேண்டும். பதிவேட்டைப் பார்த்து அப்படியே இறக்கினேன்: 'ஆசிரியர்கள் மூவர். ஆயா ஒருவர். குழந்தைகளைச் சுத்தம் செய்வது, உணவு கொடுப்பது இவர் பணி.' ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும், மேற்பார்வையாளர் என்ற முறையில், பெரிய டீச்சர் கையெழுத்துப் போட்டார். தலைமையாசிரியையை அங்கே எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவோம். யார் ஊட்டினார், யார் எழுதினார் என்பதெல்லாம் அவருக்கும் தெரியும்.

தேர்வு நாளில் வெளியூரிலிருந்து தேர்வாளர் வந்தார். குழந்தை தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தது. ஒருமுறை திரும்பி, சமையலறை வாசலில் நின்ற அக்காவைப் பார்த்தது. பிறகு தானே எடுத்து, தானே வாயில் வைத்து, கடைசிப் பருக்கை வரைக்கும் சாப்பிட்டது. தேர்வாளர் என் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ரெக்கார்டுன்னா இப்படி இருக்கணும்" என்றார். அந்த வருடம் செய்முறையில் எங்கள் கல்லூரியிலேயே நான்தான் முதல். பெருமைப்பட்ட பெரிய டீச்சர் அந்த நோட்டை நகல் எடுத்துப் பள்ளிக்கூட பீரோவில் வைத்துக்கொண்டார். குழந்தையின் அம்மா மட்டும் என்னைத் தாண்டிப் போய், அக்காவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அந்த நேரத்தில் எனக்கு அது மரியாதைக் குறைவாகக்கூடப் பட்டது. எவ்வளவு திமிர் பாருங்கள்.

அடுத்த வருடம் எனக்கு நம்பர் வந்தது. துபாயில் வேலை கிடைக்கும் வரை சும்மா இருப்பானேன் என்று அதே பள்ளிக்கூடத்தில் ஆசிரியையாகச் சேர்ந்தேன். அந்தச் சமயத்தில்தான் ஒரு அறிவிப்பு வந்தது. பயிற்சி இல்லாமலே பல வருடம் இந்தப் பிள்ளைகளுக்குக் கற்பித்து வந்தவர்கள், ஒரு குறுகிய காலப் பயிற்சியில் சேர்ந்து பதிவு எண் வாங்கிக்கொள்ளலாம். இந்த ஒரு தடவைதான். தவறவிட்டால், எண் இல்லாதவர்கள் இனி வகுப்புக்குள் நின்று பாடம் நடத்தக் கூடாது.

அக்காவுக்கு வேறு வழி கிடையாது. டிகிரிக்கும் பி.எட்.டுக்கும் அவர் எங்கே போவார்? அந்த விண்ணப்பத்தை அவர் நாலு தடவை தனித்தாளில் எழுதிப் பார்த்துவிட்டு, அப்புறம்தான் நிரப்பினார். "நம்பர் வந்துட்டா ஆயாங்கற பேரு போயிடும் இல்ல தங்கச்சி" என்று என்னிடம் ரகசியம் போலக் கேட்டார். அன்றுதான் எனக்குத் தெரிந்தது, அந்த வார்த்தை இத்தனை வருடமும் அவருக்கு உறுத்திக்கொண்டிருந்தது என்று.

சரிபார்க்க ஓர் அதிகாரி வந்தார். அலுவலக அறையில் பெரிய டீச்சர், அக்கா, நான் மூவரும் இருந்தோம். கெட்ட மனிதர் இல்லை. பதிவேட்டைப் பார்த்தார், ஆயா என்று இருந்தது. பெரிய டீச்சர், அது காகிதத்துக்குத்தான் சார், உண்மையில் பாடம் நடத்துகிறவர்தான் என்றார். அப்படியானால் இவர் கைப்பட எழுதிய பாடக்குறிப்பு ஏதாவது காட்டுங்கள் என்றார் அவர். யாரும் எழுதச் சொல்லாததை அக்கா எப்படி எழுதியிருப்பார்? சரி, யாருக்கு என்ன கற்றுக்கொடுத்தீர்கள், ஒன்றாவது சொல்லுங்கள் என்று கேட்டார்.

அக்கா யோசிக்கவே இல்லை. முகமெல்லாம் சிரிப்பாக, "விழிதியூர்ப் புள்ளைக்குத் தன் கையால சாப்புடப் பழக்குனேன் சார்" என்றார்.

அந்தக் குழந்தையின் ஃபைலை எடுங்கள் என்றார் அதிகாரி. பீரோவைத் திறந்து பெரிய டீச்சர் எடுத்துக்கொடுத்தார். உள்ளே இருந்தது என் ரெக்கார்டு. கொடுத்த பிறகுதான் அவருக்கும் உறைத்திருக்க வேண்டும், முகம் வெளுத்துவிட்டது. அதிகாரி ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். ஒன்றரை மாதமும் கற்பித்தவர் என்ற கட்டத்தில் என் பெயர். முன்பக்கத்தில் ஆயாவின் பணி என்ன என்றும் என் கையெழுத்தில்.

"இது உங்க பேர்தானே? இந்தக் குழந்தைக்குக் கத்துக்கொடுத்தது நீங்களா, இவங்களா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பயமே இல்லாமல் பார்த்தார். இந்தப் பெண் சொல்லிவிடும் என்ற நிச்சயம் அந்தப் பார்வையில் இருந்தது. எனக்குள் ஓடியதோ வேறு. உண்மையைச் சொன்னால் என் ரெக்கார்டு பொய். ரெக்கார்டு பொய்யென்றால் மார்க்கு பொய், பட்டம் பொய், நம்பர் போய்விடும். வாப்பாவின் முகம் வந்தது, ஊர்ப்பேச்சு வந்தது. ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.

"நான்தான் சார் கத்துக்கொடுத்தேன். அக்கா கூடமாட உதவியா இருந்தாங்க" என்றேன்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்று பேச்சுக்குச் சொல்வோம். அந்தக் குழந்தையின் தட்டுச் சோற்றிலேயே நான் மறைத்தேன். பெரிய டீச்சர் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு பக்கத்திலும் அவர் கையெழுத்து இருக்கிறதே, எப்படி வாய் திறப்பார்? அதிகாரி 'உதவியாளர்' என்று எழுதிக்கொண்டார். பின்கட்டில் ஏதோ ஒரு பிள்ளை அழுதது, அதைப் பார்க்க அக்கா எழுந்து போய்விட்டார்.

விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டு வந்தது. ஆயாவாக இருக்கலாம், வகுப்புக்குள் வரக் கூடாது என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. அந்த மாதத்தோடு அக்கா நின்றுவிட்டார். போகும்போது யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. அவர் வகுப்புப் பிள்ளைகள் என்னிடம் வந்தார்கள். விழிதியூர்க் குழந்தை தானாகத்தான் சாப்பிட்டது, ஆனால் முதல் வாய்க்கு முன்னால் சமையலறை வாசலை ஒருமுறை திரும்பிப் பார்க்கும். தினமும் பார்க்கும். நான் எதிரே உட்கார்ந்திருப்பேன்.

பதினைந்து நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, திருவேட்டக்குடிக்குப் போனேன். கரையில் கூடையை வைத்து மீன் பிரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை. மன்னிச்சுடுங்க அக்கா என்று நான் ஆரம்பித்ததுமே கையை நிறுத்திவிட்டுப் பேசினார்.

"எழுதிக்கிங்கன்னு நாந்தான் சொன்னேன். அதுல எனக்கு ஒண்ணுமில்ல. ஒங்க படிப்புக்காவ எழுதுனீங்க. ஆனா அந்தாளு கேட்டப்ப வாயத் தொறந்து சொல்லுவீங்கன்னு இருந்தேன். எம்பொண்ணு போனதுக்கப்பறம் எனக்குன்னு இருந்தது அந்தப் புள்ளைவதான். அதுவும் ஒங்களுக்குத் தெரியும்."

அவர் மறுபடி மீனைப் பிரிக்க ஆரம்பித்தார். பிறகு நிமிராமலே, "வெயிலா இருக்கு. போய்ட்டு வாங்க டீச்சர்" என்றார்.

அதற்கடுத்த வருடம் கடல் ஊருக்குள் வந்தது. அக்கா பிழைத்துக்கொண்டார் என்பதை வேறொருவரிடம் விசாரித்துத்தான் தெரிந்துகொண்டேன். நேரில் போக எனக்கு முகம் இல்லை. துபாய்க்கும் நான் போகவில்லை, அது ஒரு பெரிய தியாகம் ஒன்றும் கிடையாது, விசா சரிவரவில்லை. நிக்காஹ் ஆனபிறகும் இதே வேலைதான். இன்று பயிற்சிக்கு வரும் பெண்களின் ரெக்கார்டுகளில் மேற்பார்வையாளர் என்று கையெழுத்துப் போடுவது நான். கற்பித்தவர் என்ற கட்டத்துக்கு வரும்போது பேனா நின்றுவிடும். உண்மையிலேயே நீதான் பழக்கினாயா என்று கேட்க வேண்டும் என்று தோன்றும். கேட்டால், அந்தப் பெண் என் முகத்தைப் பார்ப்பாளே என்று கையெழுத்தைப் போட்டுவிடுவேன்.

என் நம்பர் செல்லுபடியாகத்தான் இருக்கிறது, ஊரே என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுகிறது. ஆனால் தங்கச்சி என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த ஒருவர் அன்றைக்குக் கரையில் வைத்து டீச்சர் என்று சொன்ன நிமிடத்திலிருந்து, அந்த வார்த்தையை யார் சொன்னாலும் எனக்குத் திட்டுவது போலத்தான் கேட்கிறது.