முதல் ஆல்பத்தில் நான் கண்ட குறை

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு ஆல்பம் வெளியீட்டு விழாவுக்குப் போயிருந்தேன். ஹிப்ஹாப் ஆல்பம்! இந்த வயதில் உனக்கு எதற்கய்யா ஹிப்ஹாப் என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. இருங்கள்... சொல்கிறேன்.

விழா என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். எங்கள் தெருமுனை பேக்கரிக்கு மேலே ஒரு சின்ன ஹால். பிளாஸ்டிக் நாற்காலி, வாடகை ஸ்பீக்கர், ஆளுக்கொரு தேங்காய் பன். குழுவின் பெயர் 'நாலாவது லைன்'. பனியன் கம்பெனியில் மெஷின்களை வரிசை வரிசையாகப் போட்டிருப்பார்களே, அந்த லைன். நான்கு பேரும் ஒரே கம்பெனியில் அந்த வரிசையில் வேலை செய்கிறவர்கள். ஆல்பத்தின் பெயர் 'செகண்ட்ஸ்'. சின்னக் குறை இருக்கிறது என்று ஏற்றுமதியிலிருந்து ஒதுக்கி, ரோட்டோரம் குவித்து விற்கும் துணிக்குத்தான் இங்கே அந்தப் பெயர். கேட்டதுமே எனக்குப் பிடித்துப்போனது.

ஏழு பாட்டு. நான் காத்திருந்தது நாலாவது பாட்டுக்கு. அதில்தான் நால்வரில் ஒரே பெண்ணான கோமதி வருவாள். எங்கள் தெரு தினேஷ் பாடினான், ஒடிசாவிலிருந்து வந்த பிஜய் இந்தியில் வெளுத்து வாங்கினான், சாமளாபுரம் குமார் பீட்டில் பின்னியெடுத்தான்... பாட்டு முடிந்துவிட்டது. கோமதி வரவே இல்லை!

திரும்பிப் பார்த்தேன். கடைசி வரிசையில் உட்கார்ந்து எல்லோரோடும் சேர்ந்து கைதட்டிக்கொண்டிருந்தாள்.

கோமதிக்கு கம்பெனியில் செக்கிங் வேலை. தைத்து வரும் ஒவ்வொரு பீஸையும் மேஜையில் விரித்து, எங்கே ஓட்டை, எங்கே தையல் விட்டிருக்கிறது என்று பார்த்து, அந்த இடத்தில் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். நாள் முழுக்க இதேதான். இந்த வியாழக்கிழமை அவளுக்குக் கல்யாணம் என்று நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை வீடு கணியூர் பக்கம். 'பாட்டெல்லாம் கல்யாணத்தோட சரி' என்று பேசி முடித்துவிட்டார்கள். அவளும் தலையாட்டிவிட்டாள். அதற்கு முன்னால் ஒரே ஒரு பாட்டில் தன் குரல் இருந்துவிட வேண்டும் என்பதுதான் அவள் ஆசை. அவ்வளவுதான், வேறொன்றும் கேட்கவில்லை.

அந்தப் பாட்டை நான் கேட்டிருக்கிறேன். ஒரு மாதம் முன்பு தினேஷ் என்னை அவர்களுடைய ஸ்டுடியோவுக்கு அழைத்துப் போனான். சோமனூரில் ஒரு பழைய குடோன். எதிரொலிக்கக் கூடாதென்று நாலு சுவரையும் ஒட்டி துணி ரோல்களை அடுக்கி வைத்திருந்தார்கள். அப்படியும் பக்கத்துத் தறிச் சத்தம் உள்ளே வந்தது. "அது எப்புடியும் வருமுங்க சார். அதனால அதையே பீட்டா வெச்சுட்டோமுங்க" என்றான் குமார். அடடா, என்ன மூளை!

கோமதி பாடியதைப் போட்டுக் காட்டினார்கள். "ஓட்டை பாத்து ஒட்டறேனுங்க, தையல் விட்டா ஒட்டறேனுங்க... எந்நெஞ்சுல விட்ட தையலுக்கு ஏனுங்க ஸ்டிக்கர் இல்லீங்க?" என்று ஆரம்பித்து, ஒரு நிமிடம் நிற்காமல் பொரிந்து தள்ளியிருந்தாள். இவ்வளவு மரியாதையாக ஒருத்தி உலகத்தைத் திட்டி நான் கேட்டதே இல்லை. பஞ்சுத் தூசியிலேயே கிடக்கிற நெஞ்சு. ஒவ்வொரு வரி முடியும்போதும் மூச்சு இரைத்தது. இரைத்துக்கொண்டே அடுத்த வரியைப் பிடித்தாள். எனக்குக் கை ரோமமெல்லாம் சிலிர்த்துவிட்டது.

"எப்புடீங்க சார் இருக்குது?" என்று கேட்டாள்.

இந்த இடத்தில் ஒரு மனுஷன் என்ன சொல்ல வேண்டும்? நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு, அவர்கள் கொடுத்த டீயைக் குடித்துவிட்டு வந்திருக்க வேண்டும். ஆனால் நான் பெரிய எழுத்தாளன் ஆயிற்றே! வாராவாரம் பத்திரிகையில் பத்தி எழுதுகிறவன். வெறுமனே 'நல்லா இருக்கு' என்று சொன்னால், இவனுக்கு விஷயம் தெரியாது என்று நினைத்துவிட்டால்...?

"எல்லாம் சரி கண்ணு. நடுநடுவே மூச்சு இரைக்குது பாரு, அதை மட்டும் சரி பண்ணிட்டா டாப்பா இருக்கும்" என்றேன்.

"எந்தெந்த எடத்துலீங்க சார்?"

சொன்னேன். ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டாள். எனக்கு அப்போது பெருமையாகக்கூட இருந்தது. வெட்கங்கெட்டவன்.

விழா முடிந்து பன்னைக் கையில் வைத்துக்கொண்டு தினேஷைப் பிடித்தேன். "என்னப்பா, கோமதி பாட்டு எங்கே?"

அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. "மூணு ஞாயித்துக்கெழமை திரும்பத் திரும்பப் பாடிப் பாத்துச்சுங்க சார். ஒவ்வொரு தடவையும் மூச்சு எரைப்பு வந்துருச்சுங்க. கடைசீல எம்பாட்டை நீக்கிருங்கன்னு ஒரே புடியா நின்னுருச்சுங்க. நாங்க எவ்வளவோ சொன்னோமுங்க. கேக்கோணுமுல்ல?"

அதற்குள் கோமதியே வந்துவிட்டாள். சிரித்த முகம்.

"ஒரு பீஸ்ல கம்ப்ளெயின்ட் இருந்தா மொத்த லாட்டும் ரிஜெக்ட் ஆயிருமுங்க சார். என்னால இவங்க மூணு பேரும் கெடோணுமுங்களா?"

"அட, அது குறையே இல்லை அம்மிணி! அதுதான் அந்தப் பாட்டே! பழைய ரெக்கார்டிங் இருக்குதில்ல? அதை அப்படியே சேர்க்கச் சொல்லு."

"இல்லீங்க சார். அழிச்சுட்டனுங்க."

"எதுக்கு?"

அவளுக்கு என் கேள்வியே புரியவில்லை. "ரிஜெக்ட் பீஸை வெட்டித்தானுங்களே போடோணும்? விட்டு வெச்சா எவனாச்சும் எடுத்து வித்துருவானுங்க. கம்பேனி பேருதானுங்க கெடும்."

கம்ப்யூட்டரில், நாலு பேர் போனில், எல்லாவற்றிலும் தேடித் தேடி அழித்திருக்கிறாள். மிச்சம் வைக்கவில்லை. செக்கிங்கில் அவளை மிஞ்ச ஆளில்லை என்று கம்பெனியில் சொல்வார்களாம். வேலையில் அத்தனை சுத்தம்.

தறிச் சத்தத்தை பீட்டாக்கத் தெரிந்தவர்களுக்கு, ஒரு பெண்ணின் மூச்சை விட்டுவைக்கத் தெரியவில்லையே என்று அவர்கள் மேல் கோபம் வந்தது. கோபப்பட எனக்கு என்ன யோக்கியதை? ஸ்டிக்கரை ஒட்டியது நான்!

"இன்னொரு தடவை பாடிடலாம் கண்ணு. இன்னைக்கே. நான் வண்டி பிடிக்கிறேன், சோமனூர் போயிடலாம்" என்றேன். கெஞ்சினேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

"சாயங்காலம் நலுங்குக்கு ஆளுக வந்துருவாங்க சார். இனி எங்கீங்க..." என்றவள், கொஞ்சம் நின்று, குரலை உயர்த்தாமல் கேட்டாள். "அப்ப அது நல்லாத்தானுங்களா இருந்துச்சு?"

"ரொம்ப நல்லா இருந்துச்சு கண்ணு."

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமுங்களே சார்."

கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். செருப்பைக் கழற்றியிருந்தாலும் தாங்கியிருப்பேன். அந்த 'ங்க' இருக்கிறதே... அதைத்தான் தாங்க முடியவில்லை.

எத்தனை பேருடைய கவிதையை, கோலத்தை, சமையலை இப்படி ஒரு 'ஆனா' போட்டு முடித்து வைத்திருக்கிறேனோ, தெரியவில்லை. யோசிக்க ஆரம்பித்தால் பயமாக இருக்கிறது. நாம் பாட்டுக்குச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிடுகிறோம். கேட்டவர்கள் அதை வைத்துக்கொண்டு என்ன செய்கிறார்கள் என்று யார் பார்க்கிறோம்?

வியாழக்கிழமை கல்யாணத்துக்குப் போனேன். மணமேடையில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். மொய் எழுதிவிட்டு, சாப்பிடாமல் வந்துவிட்டேன்.

நேற்று உட்கார்ந்து அந்த ஆல்பத்தை முதலிலிருந்து கடைசிவரை இன்னொரு தடவை கேட்டேன்.

ஒரு குறை சொல்ல முடியாது.