இரண்டு துறைமுகம், ஒரே கயிறு

மலை போல அசைந்து வரும். ஆறு பேர் சேர்ந்து மாட்டைக் கட்டுவது போலக் கரையில் கட்டிவிடுவார்கள். அது என்ன?

கப்பல் என்று சொன்னவர்களுக்கு முழுப் புள்ளி. அந்த ஆறு பேரில் ஒருவன் நான். கப்பலில் இருந்து முதலில் ஒரு மெல்லிய கயிற்றை எறிவார்கள். அதைப் பிடித்து இழுத்தால், அதன் பின்னாலேயே மணிக்கட்டைவிடத் தடித்த கயிறு வரும். அதன் நுனியில் உள்ள வளையத்தைக் கரையில் நிற்கும் இரும்புக் குற்றியில் மாட்டவேண்டும். தொழில் இவ்வளவுதான். இதையே திருகோணமலையில் செய்தால் ஒரு சம்பளம், ஓமானில் செய்தால் இன்னொரு சம்பளம். நான் இரண்டு இடத்திலும் செய்தவன். வெளிநாட்டுச் சம்பளத்தை ரூபாய்க்கு மாற்றி மாற்றியே நித்திரை கெட்டவர்கள் வீட்டுக்கு ஒருவராவது இருப்பீர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

கட்டியபின் பார்ப்பது

திருகோணமலையில் எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கப்பலைக் கட்டி முடித்ததும் ஆறு பேரும் வரிசையாக நின்று அதைப் பார்ப்போம். பெயரை எழுத்துக் கூட்டி வாசிப்போம். எந்த நாட்டுக் கொடி என்று பந்தயம் பிடிப்போம். அவசரமே இல்லை. அடுத்த கப்பல் நாளைக்கும் வரலாம், அடுத்த கிழமையும் வரலாம். கப்பல் வரும் நாளுக்குத்தான் எங்களுக்குச் சம்பளம். ஆகவே வந்த கப்பலைக் கண்ணாரப் பார்ப்பதும் வேலையின் ஒரு பகுதி என்றே நினைத்திருந்தேன்.

ஓமானில் முதல் நாள் வந்த கப்பல், நான் அதுவரை கண்ட எல்லாவற்றையும்விடப் பெரியது. மேல்தளத்தைப் பார்க்கத் தொப்பியைக் கழற்றவேண்டியிருந்தது. கட்டி முடித்து, இடுப்பில் கை வைத்து, பெயரை வாசிக்கத் தொடங்கினேன். திரும்பிப் பார்த்தால் மற்ற ஐந்து பேரும் கம்பனி வான் வண்டியில் ஏறிவிட்டார்கள். மேற்பார்வையாளர் பெருமாள் அண்ணன், தூத்துக்குடிக்காரர், யன்னலால் தலையை நீட்டிச் சொன்னார்: "ஏலே, பொண்ணு பாக்க வந்தவன் மாதிரி நிக்காத. அடுத்த கப்பல் வந்து காத்துக்கிட்டு நிக்கு."

ரூபாய் விழுந்த வருடம்

அங்கே எட்டுப் பேருக்கு ஓர் அறை. கட்டிலுக்கு மேல் கட்டில். பாஸ்போர்ட் கம்பனியின் அலுமாரிக்குள். காலை ஆறு மணிக்கு வேலைக்கு ஏறினால் பின்னேரம் ஆறு மணிக்கு இறங்குவோம். ஆனால் மாதம் முடிந்தால் சம்பளம் நாள் தவறாமல் வரும். இங்கே கப்பல் நிறைய வந்த மாதத்தில் கிடைப்பதைப் போல நாலு மடங்கு.

பிறகு ரூபாய் விழுந்தது. ஒரு கயிறும் கூடுதலாக இழுக்காமல் ரூபாய்க் கணக்கில் என் சம்பளம் ஏறக்குறைய இரட்டித்துவிட்டது. எனக்குக் கால் நிலத்தில் பாவவில்லை. அறையில் இருந்த எட்டுப் பேருக்கும் கோழி வாங்கிச் சமைத்தேன். அந்தச் சந்தோசத்தோடு எங்கள் ஊர் உப்புவெளிக்குப் போன் எடுத்தால், என் மனைவி சுகந்தி சமையல் காஸ் வரிசையில் நிற்கிறாள். நல்ல செய்தியைச் சொன்னேன். அவள் சொன்னாள்: "உங்கட சம்பளம் ஏறினது எனக்குத் தெரியும். கடைக்காரருக்கும் தெரியும்."

வெயிலுக்கு விசில்

ஓமானில் கோடைகாலம் முழுவதும், மத்தியானம் பன்னிரண்டரைக்கு விசில் ஊதும். மூன்றரை வரை ஒருவரும் வெயிலில் நிற்கக்கூடாது, அது சட்டம். மாதம் ஒரு சோடி புதிய கையுறையும் கையெழுத்து வைத்தால் கிடைக்கும்.

நாலு வருடம் முடித்து, போன வருடம் ஊருக்கு வந்து, பழைய குழுவிலேயே சேர்ந்தேன். முதல் கப்பல் கோதுமைக் கப்பல். பன்னிரண்டரை ஆனதும் என் கால்கள் தாமாகவே நிழலைத் தேடிப் போய்விட்டன. கயிறு பாதி வழியில் நிற்கிறது. என்னோடு இழுத்துக்கொண்டிருந்த சில்வெஸ்டர் அண்ணைக்கு அறுபது வயதாகப் போகிறது. எங்கள் இருவருக்கும் சேர்த்து ஒரு சோடி கையுறை. வலது அவருக்கு, இடது எனக்கு. அவர் வலது கையை உயர்த்தி என்னைக் கூப்பிட்டார். "ராசன், விசில் ஊத இங்க ஆளில்லை. வெயிலோட நீதான் கதைச்சுப் பார்க்கவேணும்."

தேத்தண்ணி வராத நாள்

ஒரு பக்கத்தை மட்டும் சொன்னால் கணக்குப் பிழைக்கும். ஓமானில் ஒருமுறை மேலதிக வேலைக்கான காசில் இரண்டு மணித்தியாலத்தை விட்டுவிட்டார்கள். எட்டுப் பேரும் கட்டிலில் இருந்தபடியே கோபப்பட்டோம். அதற்குமேல் ஒருவரும் வாய் திறக்கவில்லை. பாஸ்போர்ட் இருந்த அலுமாரி எல்லோருக்கும் ஞாபகம் வந்தது.

இங்கே போன மாதம் காலைத் தேத்தண்ணி வரவில்லை. சில்வெஸ்டர் அண்ணை கயிற்றைக் கீழே வைத்துவிட்டு அதன்மேலேயே உட்கார்ந்தார். நாங்கள் ஐந்து பேரும் பக்கத்தில் உட்கார்ந்தோம். கங்காணி சத்தம் போட்டார், கெஞ்சினார், கடைசியில் தானே சைக்கிளில் போய் வாங்கி வந்தார். அண்ணை ஒரு மிடறு குடித்துப் பார்த்துச் சொன்னது: "சீனி காணாது."

வட்ஸ்அப்பில் வந்த கடிதம்

இந்த மாதம் பெருமாள் அண்ணன் போன் எடுத்தார். அவர் வேலையை விட்டு ஊரோடு போகிறாராம். தன் இடத்துக்கு என் பெயரைச் சொல்லியிருக்கிறாராம். மறுநாளே கம்பனியின் கடிதம் வட்ஸ்அப்பில் வந்துவிட்டது. மேற்பார்வையாளர் வேலை. குடும்ப விசா எடுக்கப் போதுமான சம்பளம். இரண்டு அறை வீடு. ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில். அன்று துறைமுகத்தில் இருந்து உப்புவெளி வரை சைக்கிளை மிதித்தேனா, அது தானாக ஓடியதா, தெரியாது.

சுகந்தி கடிதத்தை இரண்டு தரம் வாசித்தாள். இனி ஒரு நாளும் நான் தனியாகப் போகக்கூடாதாம். போனால் மூன்று பேரும், இல்லையென்றால் ஒருவரும் இல்லை என்றாள். பள்ளிக்கூடத்தையும் கூட்டாளிகளையும் விட்டு வரவேண்டியது மகள் மிதுனா. ஆகவே அவளிடம் கேட்பதென்று முடிவாயிற்று. நான் போகும்போது மிதுனாவுக்கு நாலு வயது, இப்போது ஒன்பது.

சனிக்கிழமை காலை, அவள் பாணைச் சம்பலில் தொட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். நான் எதிரே கதிரையைப் போட்டு, ஒன்றும் ஒளிக்காமல் சொன்னேன். இங்கே மாதத்தில் எட்டு, ஒன்பது நாள்தான் வேலை. மற்ற நாளில் கிடைத்த கூலிக்கு ஓடுகிறேன். அங்கே நாள் முழுக்க வேலை, வெள்ளிக்கிழமை மட்டும் லீவு. வெயில் கடுமை. கடல் வீட்டில் இருந்து தெரியாது. கூட்டாளிகளைப் புதிதாகத்தான் பிடிக்கவேண்டும். சம்பளத்தையும் சொன்னேன். அவள் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"அப்பா, அங்க நீங்கள் பின்னேரம் வீட்டுக்கு வருவீங்களோ, போனில வருவீங்களோ?"

ஒவ்வொரு நாளும் ஆறரைக்கு வீட்டுக்கு வருவேன் என்றேன்.

ஐந்து வருடமாக இரண்டு நாட்டையும் ஒப்பிட்டு ஒரு முடிவுக்கும் வராதவன் நான். மிதுனா பாண் தின்று முடிப்பதற்குள் ஓமான் என்றாள்.